புகழ்பெற்ற ஆட்டக்காரருக்குத் தனி அளவுகோல் உண்டா?

(நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த பெருமக்கள் பேசுவது வழக்கம். நாமோ பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்த மும்பை மாநகரில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுபவர். எனினும் செயலாளர் அவர்கள், "பதினைந்து ஆண்டுகளாக நம் சங்கத்தின் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவர் நீங்கள், விளையாட்டைப் பற்றி நான்கு வார்த்தை நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்று அன்புக் கட்டளையிட்டுவிட்டார். பெரியவர்களின் கட்டளையை மீறும் வழக்கம் எமக்கில்லை. ஆகவே துணிந்து வந்து நிற்கிறோம். குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் இது: விளையாட்டில் பெரும்புகழ் பெற்றவரிடம் மற்றவரிடம் எதிர்பார்ப்பதைவிட மேலான நேர்மையையும் பண்பையும் எதிர்பார்க்கலாமா? அல்லது எல்லாரையும் ஒரே கோலால்தான் அளக்கவேண்டுமா? இது வெறும் பட்டிமன்றப் பொருளன்று. இதில் எமக்குச் சொந்தமாக ஒரு கடனும் இருக்கிறது. அக்கடனைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேட்போம். விளையாட்டின் சட்டம் ஒன்றுதானே? இருபத்திரண்டு கெஜ ஆடுகளம் டெண்டுல்கருக்கும் இருபத்திரண்டு கெஜந்தான். ஆசாத் மைதானத்தில் ஆடும் பள்ளிப் பையனுக்கும் இருபத்திரண்டு கெஜந்தான். அப்படியிருக்க, பண்பில் மட்டும் ஒருவருக்கு ஒரு முழமும் மற்றவருக்கு இரண்டு முழமும் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? மேலும், ஒருவன் நன்றாகப் பந்தடிக்கக் கற்றுக்கொண்டான் என்பதனாலேயே அவன் முனிவனாகிவிட வேண்டுமா? இருபது இருபத்திரண்டு வயதில் புகழும் பணமும் வந்து குவிகின்றன. கோடிக் கண்கள் அவனையே பார்க்கின்றன. ஒரு பந்து தவறினால் ஊரெல்லாம் தூற்றுகிறது. அந்நிலையில் அவன் ஒரு கணம் நிதானம் இழந்தால், அவனைப் பார்க்கிலும் நம்மைப் போன்றவர்களே விரைந்து நிதானம் இழந்திருப்போம் அல்லவா? அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி 1993ஆம் ஆண்டில் ஒரு காலணி விளம்பரத்தில் தோன்றி, தாம் யாருக்கும் வழிகாட்டி அல்லர், பிள்ளைகளுக்குப் பெற்றோர்தாம் வழிகாட்டிகளாக இருக்கவேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். அதில் உண்மை இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இவ்வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாமும் பல நாள் இவற்றோடு மல்லாடினோம். விடை கிடைத்தது புத்தகத்திலன்று, நாம் வேலை பார்க்கும் இடத்திலேதான்.

நண்பர்களே! ரயில்வேயில் குடித்துவிட்டு வேலைக்கு வரக்கூடாது என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. குமாஸ்தாவுக்கும் அதே விதி, எஞ்சின் ஓட்டுநருக்கும் அதே விதி. ஆனால் நாம் காலையில் அலுவலகத்திற்குள் நுழையும்போது எவரும் எம் வாயருகே கருவியை நீட்டி ஊதச் சொல்வதில்லை. ஓட்டுநரோ வண்டியில் ஏறுமுன் அந்தச் சோதனையைக் கடந்தாகவேண்டும். கண் பார்வைச் சோதனையிலும் அப்படியே. அவருக்கு வைத்திருக்கும் தரம் வேறு, எமக்கு வைத்திருக்கும் தரம் வேறு. ஓட்டுநர் எம்மைவிடக் கெட்டவர் என்பதாலா இந்த ஏற்பாடு? அல்லவே அல்ல. அவர் பின்னால் இருபது பெட்டிகள் வருகின்றன; அவற்றில் ஆயிரக்கணக்கான உயிர்கள் வருகின்றன. நாம் ஒரு பார்சல் ரசீதில் தவறு செய்தால் ஒரு கூடை மாம்பழம் வேறூர் போகும். அவர் ஒரு சிவப்பு விளக்கைக் காணாமற் போனால் விளைவு என்ன என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விதி ஒன்றே; ஆனால் பொறுப்பின் அளவு, பின்னால் வருகிறவர்களின் தொகையைப் பொறுத்தது.

புகழ்பெற்ற ஆட்டக்காரரின் நிலையும் இதுவே. "முன்னேர் போன வழியே பின்னேர்" என்பார்கள் நம் ஊர்ப்பக்கத்தில். முன்னே போகும் ஏர் கோணினால் பின்னே வரும் ஏர்கள் அத்தனையும் கோணும். அவர் வழிகாட்டியாக விரும்பினாரா இல்லையா என்பது கேள்வியே அன்று. அவர் பின்னால் ஏர்கள் வருகின்றனவா என்பதே கேள்வி.

இனி, சில மெய்யான நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

2018ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஆஸ்திரேலியா ஆடிய டெஸ்ட் பந்தயத்தில், பாங்கிராப்ட் என்ற இளம் ஆட்டக்காரர் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்ததைப் படக்கருவிகள் காட்டிக்கொடுத்தன. பந்தைத் தேய்த்த கை அவருடையது. ஆனால் ஆஸ்திரேலிய வாரியம் அவருக்கு விதித்த தடை ஒன்பது மாதம். அணித்தலைவர் ஸ்மித்துக்கும் துணைத்தலைவர் வார்னருக்கும் விதித்த தடை ஓராண்டு. அப்போது ஸ்மித் உலகின் முதல்தர டெஸ்ட் மட்டையாளராக மதிக்கப்பெற்றவர். கையால் செய்தவனைவிட, தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவனுக்குத் தண்டனை மிகுதி. இது அநியாயமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. இளையவன் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் எது செய்யலாம், எது கூடாது என்று தெரிந்துகொள்கிறான்.

இன்னொன்று. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டி. அன்று உலகின் முதல் இடத்தில் இருந்தவர் ஜோகோவிச். அவ்வாண்டில் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காதவர். ஒரு புள்ளியை இழந்த எரிச்சலில் கையிலிருந்த பந்தைப் பின்பக்கமாக அடித்தார். அது கோட்டு நடுவராக நின்ற பெண்மணியின் கழுத்தில் பட்டது. வேண்டுமென்று அடித்ததன்று. ஆயினும் விதிப்படி அவர் அப்போதே போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். இங்கே அவருக்குத் தனி அளவுகோல் எதுவும் இல்லை. பெயர் தெரியாத ஆட்டக்காரனுக்கு என்ன விதியோ, அதே விதிதான் முதல்வருக்கும். அப்படியிருந்தும் உலகம் வியந்தது. ஏன் வியந்தது? பெரியவர்களுக்கு விதி வளையும் என்று நாம் உள்ளூர நம்பிக்கொண்டிருப்பதனால்தான்!

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். புகழ்பெற்றவரிடம் மேலான பண்பை எதிர்பார்க்கலாமா என்று நாம் கேட்கிறோம். ஆனால் நடைமுறையில் நாம் அவரைக் கீழான கோலால் அல்லவா அளந்துகொண்டிருக்கிறோம்? 2006ஆம் ஆண்டு உலகக் கால்பந்து இறுதிப் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் ஜிடேன் எதிரணி வீரரின் மார்பில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பிரான்சு தோற்றது. ஆயினும் அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்கே கிடைத்தது. அவர் ஆட்டத்திறனில் குறைசொல்ல நமக்கு ஏது தகுதி? ஆனால் பெயர் தெரியாத ஒரு பின்காவலர் அதே செயலைச் செய்திருந்தால் அவரை உலகம் எப்படி நினைவு வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, மேலான அளவுகோலைத் தேடிப் போகுமுன், கீழான அளவுகோலைக் கையிலிருந்து கீழே வைக்கவேண்டும். அதுவே முதற்படி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நகரத்துக்கே வருவோம்.

1980ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். இதே மும்பை, அன்றைய பம்பாய். வான்கடே அரங்கில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை ஒட்டி இங்கிலாந்தோடு ஒரு டெஸ்ட் பந்தயம். பந்தயத்தின் நடுவே சூரிய கிரகணம் வந்தது. அன்று ஓய்வு நாளாக விட்டார்கள். நாம் அப்போது பிறந்து சில திங்களே ஆன குழந்தை. எம் தந்தையார் மாதுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வானொலியில் அந்த வருணனையைக் கேட்டவர், அதை இறுதிக்காலம் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தியா முதலில் ஆடி 242 ஓட்டங்கள் எடுத்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அப்போது போத்தமும் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லரும் ஆடிக்கொண்டிருந்தனர். கபில்தேவ் வீசிய பந்து டெய்லரின் மட்டையில் பட்டுப் பின்னால் பிடிபட்டது என்று முறையிட, நடுவரும் விரலை உயர்த்திவிட்டார். டெய்லர் தயங்கி நின்றார். முதல் ஸ்லிப்பில் நின்ற இந்திய அணித்தலைவர் குண்டப்பா விசுவநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. அவர் நடுவரிடம் சென்று பேசி, முறையீட்டைத் திரும்பப் பெற்று, டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார்.

விளைவு என்ன? போத்தமும் டெய்லரும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். போத்தம் 114 எடுத்தார். பந்துவீச்சில் பதின்மூன்று விக்கெட்டுகளும் வீழ்த்தினார். இந்தியா பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. பொன்விழாப் பந்தயத்தில், சொந்த மண்ணில், அந்தத் தோல்வி. விசுவநாத் அதற்குப் பின் இந்திய டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கவே இல்லை.

அவர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1969இல் கான்பூரில் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர். 1975 சனவரியில் நம் சேப்பாக்கத்தில், மேற்கிந்தியரின் ராபர்ட்சு புயலாய் வீசியபோது, இந்தியா எடுத்த 190 ஓட்டங்களில் 97ஐத் தாம் ஒருவராகவே எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவர். அப்படிப்பட்டவர் வான்கடேயில் வாய் திறவாமல் நின்றிருந்தால் எவர் குறை சொல்லியிருப்பார்? அவர் முறையிட்டது விதி. நடுவர் விரலை உயர்த்தியது விதி. டெய்லர் வெளியேறுவது விதி. விதி முழுவதும் அவர் பக்கம் இருந்தது. விதிக்கு மேலே ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றியது, அதன்படி செய்தார். எம் தந்தையார் இதைச் சொல்லும்போதெல்லாம், "தோற்றுத்தான் போனோம், ஆனால் அடுத்த நாள் பணிமனையில் ஒருவனும் தலைகுனியவில்லை" என்று முடிப்பார்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. சரியாக ஓராண்டு கழித்து, 1981 பிப்ரவரியில், மெல்பர்ன் நகரில் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். இம்மும்பையின் செல்வப்பிள்ளை சுனில் கவாஸ்கர் 70 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது, லில்லியின் பந்தில் காலடி விக்கெட் முறையில் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்தார். பந்து மட்டையில் பட்டது என்பது கவாஸ்கரின் எண்ணம். சினம் மேலிட்டு, மறுமுனையில் நின்ற சேத்தன் சௌகானையும் அழைத்துக்கொண்டு களத்தைவிட்டு நடந்துவிட்டார். எல்லைக்கோட்டருகே அணியின் மேலாளர் வந்து சௌகானைத் தடுத்துத் திருப்பியனுப்பினார். அவர் மட்டும் அங்கே நிற்காதிருந்தால் பந்தயமே கைவிட்டுப் போயிருக்கும். நடந்தது வேறு. ஆட்டம் தொடர்ந்தது, 143 ஓட்டங்கள் தேவைப்பட்ட ஆஸ்திரேலியாவைக் கபில்தேவ் காயத்தோடு பந்துவீசி 83க்குச் சுருட்டினார், இந்தியா வென்றது. பின்னாளில் கவாஸ்கர் தாம் அன்று செய்தது தவறு என்று வெளிப்படையாக வருந்தினார். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை ஒப்புக்கொள்வதும் பெரியவர் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்று. அதையும் அவர் செய்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் தெரிந்துகொள்வது என்ன? பெரிய ஆட்டக்காரர் அசைந்தால் ஆட்டமே அசைகிறது. மெல்பர்னில் ஒரு புதிய ஆட்டக்காரர் சினந்து வெளியேறியிருந்தால், துணையாக ஒருவரும் நடந்திருக்க மாட்டார். கவாஸ்கர் அழைத்ததால் சௌகான் நடந்தார். இந்த ஆற்றல் ஒருவரிடம் இருக்கும்போது, அந்த ஆற்றலுக்குரிய பொறுப்பும் அவரிடம் இருக்கத்தான் வேண்டும்.

அண்மைக் காலத்திலிருந்தும் ஒன்று சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டு 7ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்றதை நாம் எல்லாரும் கொண்டாடினோம். அந்த இறுதிப் போட்டியில் தம் ஈட்டி பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமிடம் இருந்ததையும், கேட்டு வாங்கிக்கொண்டு எறிந்ததையும் நீரஜ் பின்னர் ஒரு பேட்டியில் இயல்பாகச் சொன்னார். அவ்வளவுதான், நதீம் ஏதோ சூது செய்ய முயன்றார் என்று ஒரு கூட்டம் ஏசத் தொடங்கியது. நீரஜ் வாளா இருந்திருக்கலாம். எந்த விதியும் அவரைப் பேசச் சொல்லவில்லை. அவரோ முன்வந்து, ஈட்டிகளை எல்லா வீரர்களும் பயன்படுத்தலாம் என்பதே விதி, நதீம் செய்ததில் தவறே இல்லை, தம் பெயரை வைத்து வெறுப்பை வளர்க்கவேண்டா என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். மூன்றாண்டுகள் கழித்து, 2024இல் பாரிசில், அதே நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார், நீரஜுக்கு வெள்ளி. அப்போது நீரஜின் அன்னையார், தங்கம் பெற்றவரும் தம் பிள்ளை போன்றவரே என்றார். அந்த வீட்டில் அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தார் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். "மேலான பண்பு" என்னும் சொல்லைச் சிலர் தமக்குப் பிடிக்காதவரை அடிக்கும் கோலாகவும் பயன்படுத்துகிறார்கள். 1947ஆம் ஆண்டு சிட்னியில், பந்து வீசப்படுமுன்னரே கோட்டைவிட்டு வெளியேறிய பில் பிரவுனை நம் வினூ மன்கட் ஓட்ட ஆட்டமிழக்கச் செய்தார். அச்சுற்றுப்பயணத்தில் முன்பே அவரை எச்சரித்தும் இருந்தார். எதிரணித் தலைவர் பிராட்மனே மன்கட் செய்தது சரி என்று தம் நூலில் எழுதினார். இருந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வகை ஆட்டமிழப்புக்கு மன்கட்டின் பெயரையே இட்டு, ஏதோ இழுக்குப்போலப் பேசி வந்தார்கள். 2019 மார்ச்சில் செய்ப்பூரில் நம் சென்னை வீரர் அசுவின் அதே முறையில் பட்லரை ஆட்டமிழக்கச் செய்தபோதும் அதே கூக்குரல். விதியை மீறிக் கோட்டைவிட்டுப் போனவர் பண்பாளர். விதிப்படி நடந்தவர் பண்பற்றவர்! இது என்ன நியாயம்? விதிகளைக் காக்கும் லண்டன் எம்.சி.சி. கழகமே 2022இல் இவ்வகை ஆட்டமிழப்பை முறையற்ற ஆட்டம் என்னும் பகுதியிலிருந்து எடுத்து, ஓட்ட ஆட்டமிழப்பு என்னும் பகுதியில் சேர்த்துவிட்டது.

1987 உலகக் கோப்பையில் லாகூர் நகரில் மேற்கிந்திய வீரர் வால்ஷ், கடைசிப் பந்தில் அதேபோல் ஆட்டமிழக்கச் செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாது விட்டார். அவர் அணி தோற்றது. அதை நாம் போற்றுகிறோம். ஆனால் வால்ஷைப் போற்றுவதற்காக அசுவினைத் தூற்றவேண்டியதில்லை. விட்டுக்கொடுப்பது கொடை, கொடையைக் கேட்டு வாங்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே நம் முடிவு இது. விதியைப் பொறுத்தமட்டில் எல்லாருக்கும் ஒரே கோல். பெரியவர் என்பதற்காக ஓர் அங்குலம் கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தது வெறுமனே அன்று. ஆனால் நடுவரை மதித்தல், தோல்வியைத் தாங்குதல், எளியவனுக்கு இடங்கொடுத்தல், செய்த தவற்றை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய நான்கிலும் புகழ்பெற்றவரிடம் மிகுதியாகவே கேட்கலாம், கேட்கவேண்டும். ஏனெனில் இந்நான்கிலும் அவர் தவறினால் அவரைத் தட்டிக்கேட்கும் துணிவு மற்றவர்க்கு வருவதில்லை. தட்டிக்கேட்க ஆளில்லாதவர் தம்மைத் தாமே தட்டிக்கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

பெரியோர்களே! இதுவரை பிறர் கதையைச் சொன்னோம். இனி எம் கடனைச் சொல்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரச் சங்கத்தோடு நம் சங்க அணி இறுதிப் பந்தயம் ஆடிற்று. ரயில்வே குடியிருப்பு மைதானம். நம் அணியின் தலைசிறந்த மட்டையாளர் ஆடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் வேண்டா. அவர் நின்றால் கோப்பை நமக்கு, போனால் அவர்களுக்கு என்ற நிலை. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் காப்பாளர் கையில் விழுந்தது. அந்த ஓசை ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்த எம் காதிலேயே விழுந்தது. நடுவராக நின்றவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், எழுபதை நெருங்கியவர், நாற்பதாண்டு பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் காட்டிய கை. அந்தக் கை விரலை உயர்த்திற்று.

நம் ஆட்டக்காரர் போகவில்லை. மட்டையைத் தரையில் எறிந்தார். பெரியவரைப் பார்த்து, கண் தெரியாதவர்கள் வீட்டில் இருக்கவேண்டியதுதானே என்றார். சுற்றி நின்ற நாமெல்லாம் என்ன செய்தோம்? சிலர் கூச்சலிட்டு அவருக்குத் துணைபோயினர். மற்றவர்கள் வாய்மூடி நின்றோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பெரியவர் கையைத் தாழ்த்தினார். ஆட்டம் தொடர்ந்தது. நம் அணி வென்றது. நாம் ஸ்கோர் புத்தகத்தில், அந்த ஓசையைக் கேட்ட காதோடு, "ஆட்டமிழக்காமல்" என்று அழகான கையெழுத்தில் எழுதினோம். அந்தக் கோப்பை இன்றும் நம் சங்க அலமாரியில் இருக்கிறது. பெரியவர் அன்று தேநீர்கூட அருந்தாமல் புறப்பட்டுப்போனார். அதன்பின் எந்த ஆட்டத்துக்கும் நடுவராக வரவில்லை.

ஒரு வாரம் சென்றது. மாலையில் வேலை முடிந்து வரும்போது குடியிருப்பு முற்றத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எம் மகனுக்கு அப்போது பதினொரு வயது. அவனைவிடச் சிறிய பையன் ஒருவன் வீசிய பந்தில் அவன் விக்கெட் சாய்ந்து கிடந்தது. அவனோ மட்டையைக் கீழே போட்டு, பந்தே சரியில்லை என்று சாதித்துக்கொண்டு நின்றான். சிறியவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். நாம் எம் மகனைக் கடிந்தோம். அவன் எம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அப்பா, அன்னிக்கு அந்த அண்ணன் போகலையே! நீங்க ஒண்ணும் சொல்லலையே! நான் செஞ்சா மட்டும் தப்பா?"

எமக்கு விடை தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம்.

சென்ற மாதம், இவ்வுரையை எழுதத் தொடங்கியபோது, அந்த ஆட்டக்காரரைத் தேடிச் சென்று, இதை மேடையில் சொல்லப்போகிறோம், பெயரைச் சொல்லமாட்டோம் என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அன்னிக்கு உங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'வெளியே வாப்பா'ன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். எல்லாரும் கைதட்டினீங்க. நான் செஞ்சது சரின்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

அன்பர்களே! அவருக்கு மேலான கோல் வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருந்தது? கையிலிருந்த கோலையே நாம் முறித்தெறிந்துவிட்டோமே! மெல்பர்னில் எல்லைக்கோட்டருகே ஒரு மேலாளர் நின்றார். நம் மைதானத்தின் எல்லைக்கோட்டருகே எவரும் நிற்கவில்லை. புகழ்பெற்றவரிடம் மேலான பண்பைக் கேட்பவர், அதைக் கேட்கும் துணிவும் உடையவராக இருக்கவேண்டும். பார்க்லி சொன்னதில் பாதி சரி என்று இப்போது விளங்குகிறது. பிள்ளைக்கு வழிகாட்டி தகப்பன்தான். எம் மகன் அந்த ஆட்டக்காரரை மட்டும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு சும்மாயிருந்த தன் தகப்பனையும் பார்த்தான்.

ஆகவே செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: இனி நம் ஆட்டங்களில் நடுவர் விரலை உயர்த்திய பின் எந்த வற்புறுத்தலாலும் அது தாழக்கூடாது. எதிரணித் தலைவர் விசுவநாத்தைப் போல் மனமுவந்து திரும்ப அழைத்தாலொழிய, தீர்ப்பு தீர்ப்பே. இரண்டு: நடுவரை இழிவாகப் பேசியவர் அடுத்த ஆட்டத்தில் உட்காரவேண்டும். அவர் அணித்தலைவரோ, முதன்மை ஆட்டக்காரரோ ஆனால் இரண்டு ஆட்டம். மூன்று: அலமாரியில் இருக்கும் அந்தக் கோப்பையை, அதற்கு உரியவரான அந்தச் சங்கத்தாரிடம் நாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மூன்றாவது கசக்கும், எமக்குத் தெரியும். கொண்டுபோகும்போது உடன் வருவதாக அந்த ஆட்டக்காரர் சொல்லியிருக்கிறார்.

முடிக்குமுன் ஒரு சொல். ரயில்வேப் பதிவேடுகளில் எழுதியதைச் சுரண்டி அழிக்கக்கூடாது என்பது எமக்கு முதல்நாள் கற்பித்த பாடம். தவறாக எழுதிவிட்டால், எழுதியது தெரியும்படி அதன்மேல் ஒரு கோடிழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். சென்ற ஞாயிறன்று அந்தப் பழைய ஸ்கோர் புத்தகத்தை எடுத்தோம். "ஆட்டமிழக்காமல்" என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தோம். பக்கத்தில், காப்பாளரிடம் பிடிபட்டு ஆட்டமிழந்தார் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பிறகு எம் மகனை அழைத்துக்கொண்டு அந்த ஓய்வுபெற்ற கார்டு ஐயா வீட்டுக்குப் போய், அந்தப் பக்கத்தைக் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பையனின் தலையில் கைவைத்து, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்குத் தம்பி?" என்று கேட்டார்.

இன்று பரிசு பெறும் ஒவ்வொருவருக்கும் எம் வாழ்த்து. நாளை உங்களில் எவரேனும் பெரும்புகழ் பெற்றால், உங்களிடம் மிகுதியாகக் கேட்போம், வருந்தாதீர்கள். உங்கள் பின்னால் வருகிறவர்களை மனத்தில் வைத்தே அதைக் கேட்போம்.